எஸ்பிஎம் ஆர்டர் கொடுக்கிறோம்: பில்டரிடம் எந்தெந்த ஆவணங்களை, எப்போது கேட்க வேண்டும்?

பம்ப்_ஹவுசிங்:

வணக்கம். அலுமினியம் பம்ப் ஹவுசிங் ஒன்றுக்கு 6 ஸ்டேஷன் ரோட்டரி இன்டெக்சிங் எஸ்பிஎம் (ஒரு வேலைக்கென்றே கட்டும் சிறப்பு மெஷின்) ஆர்டர் போட இருக்கிறோம். லோடிங்-அன்லோடிங் 1, டிரில்லிங்கும் சேம்ஃபரும் 3, எம்6 டேப்பிங் (ஓட்டைக்குள் திருகுப்புரி போடுவது) 1, ஓட்டைகளைத் தொட்டுப் பார்க்கும் புரோப் ஸ்டேஷன் 1. டேப்பிங்குக்கு சர்வோ, கிளாம்பிங் ஹைட்ராலிக், மற்றதெல்லாம் நியூமேட்டிக். பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) சீமென்ஸ் எஸ்7-1200. மெஷினைக் கட்டும் பில்டர் கோவையிலேயே இருக்கிறார், வேலை சுத்தமாகச் செய்பவர்.

கொட்டேஷனில் மெஷினைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. ஆவணம் என்று பார்த்தால் ஒரே வரிதான்: "ஆபரேஷன் மேனுவல் – 2 செட்". பேமென்ட் 40% அட்வான்ஸ், 50% டிஸ்பாட்சுக்கு முன், 10% கமிஷனிங் (எங்கள் இடத்தில் நிறுவி ஓட்டிக் காட்டுவது) முடிந்தபின். பாகம் ஆட்டோமொபைல் வாடிக்கையாளருக்குப் போகிறது, அதனால் பிபிஏபி (உற்பத்திக்கு முன் வாடிக்கையாளரின் ஒப்புதலுக்குத் தரும் ஆவணத் தொகுப்பு) கட்டாயம்.

பர்ச்சேஸ் ஆர்டரில் (பி.ஓ.) ஆவணங்களை எப்படி எழுத வேண்டும்? எதை எந்தக் கட்டத்தில் கேட்பது? ஆபரேட்டர் கையில் கொடுக்கும் தாளை பில்டரே தர வேண்டுமா, நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மின்பலகை:

எலக்ட்ரிக்கல் பக்கம் மட்டும் சொல்றேங்க. மெஷின் நின்னுபோனா முதல்ல தேடுற காகிதம் பேனல் டிராயிங்தான், அதிகம் தப்பா இருக்கிறதும் அதுதான். டிசைன் ஒரு மாதிரி இருக்கும். ட்ரையல் எடுக்கும்போது ஒரு சென்சார் மாறும், ஸ்பேர் இன்புட்டுக்கு ஒரு வயர் போகும், ரிலே ஒண்ணு கூடும். டிராயிங்ல எதுவுமே ஏறாது. அதனால பி.ஓ.வில் "எலக்ட்ரிக்கல் டிராயிங்"னு மட்டும் எழுதாதீங்க. "கமிஷனிங்கில் செய்த எல்லா மாற்றமும் ஏற்றப்பட்ட இறுதித் திருத்த டிராயிங், பிடிஎஃப் ஆகவும் எடிட் செய்யக்கூடிய மூலக் கோப்பாகவும்"னு எழுதுங்க.

ட்ரையல் ஆரம்பிக்கும் நாள்லயே ஒரு பிரின்ட் செட்டை பேனல் கதவுக்குள்ள வச்சிருங்க. யார் வயரைத் தொட்டாலும் அதுல சிவப்புப் பேனாவில் குறிச்சு, தேதி போட்டு, கையெழுத்து போடணும். கடைசியில பில்டர் அந்தச் சிவப்பு செட்டைப் பார்த்து டிராயிங்கைத் திருத்துவார். திருத்தி வந்ததும் 20 வயரை உங்க இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்து ஃபெரூல் நம்பர் (வயர் முனையில இருக்கிற எண்), டெர்மினல் நம்பர், பக்க எண் மூணும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒண்ணு தப்பினாலும் மொத்த செட்டையும் திருப்பி அனுப்புங்க. ஒரு தப்பை மட்டும் திருத்தி வாங்கினா மீதித் தப்பெல்லாம் உள்ளேயே இருக்கும், ராத்திரி ஷிஃப்ட்லதான் வெளியே வரும்.

அடுத்தது புரோகிராம். எஸ்7-1200ல பிளாக்குகளை அப்லோடு பண்ணிக்கலாம். பழைய எஸ்7-300 மாதிரி சிம்பலும் கமென்ட்டும் தொலைஞ்சு போகாது. அதை நம்பி யாரும் புராஜெக்ட் கோப்பைக் கேட்கிறதில்லை, அங்கதான் மாட்டிக்கிறாங்க. ஹெச்எம்ஐ பேனல்ல (ஆபரேட்டர் பார்க்கிற திரை) ஓடுறது கம்பைல் ஆன கோப்பு, அதை வெளியே எடுத்துத் திருத்த முடியாது. பேனல் போச்சுன்னா ஸ்கிரீன் எல்லாத்தையும் புதுசா வரையணும். சிபியு (பிஎல்சியோட மூளை) பாஸ்வேர்டு தெரியலைன்னா அப்லோடும் கிடையாது. டிஐஏ போர்ட்டல் (சீமென்ஸ் பிஎல்சிக்கு புரோகிராம் எழுதுற சாஃப்ட்வேர்) எந்த வெர்ஷன்னும் எழுதி வாங்குங்க. புது வெர்ஷன்ல சேமிச்ச புராஜெக்ட் பழைய வெர்ஷன்ல திறக்காது. சர்வோ பாராமீட்டர் கோப்பு, டிரைவ் பாராமீட்டர் பட்டியல், ஐபி முகவரிப் பட்டியல் மூணையும் தனித்தனியா கேளுங்க, புராஜெக்ட் கோப்புக்குள்ள இருக்கும்னு விட்டுறாதீங்க.

வாங்கினா போதாது, சோதிக்கணும். பில்டர் இடத்துல மெஷின் ட்ரையல் நடக்கும்போது அவர் கொடுத்த பென் டிரைவை உங்க லேப்டாப்புல போட்டு ஆன்லைன் போங்க. எல்லா பிளாக்கும் பச்சையா காட்டணும், அதாவது கோப்பும் பிஎல்சியில ஓடுறதும் ஒண்ணா இருக்கணும். அதுக்கப்புறம் சிபியுவை அழிச்சு, அந்த பென் டிரைவ்ல இருக்கிறதை மட்டும் ஏத்தி, 10 பீஸ் ஓட்டிப் பாருங்க. இங்க ஒரு பொறி இருக்கு. டேட்டா பிளாக்ல (பிஎல்சி மதிப்புகளை வச்சிருக்கிற இடம்) ஓடிட்டு இருக்கிற மதிப்பு வேற, தொடக்க மதிப்பு வேற. ட்ரையல்ல திருத்தின டேப்பிங் ஆழம், பொசிஷன், டைமர் எல்லாம் ஓடும் மதிப்பா மட்டும் இருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்து தொடக்க மதிப்புக்கு நகல் பண்ணாம விட்டா, மறுபடி ஏத்தினதும் பழைய டிசைன் மதிப்போட மெஷின் கிளம்பும், டூல் பிக்ஸ்சர்ல இடிக்கும். முதல் சுத்து கண்டிப்பா பீஸ் இல்லாம, ஒவ்வொரு ஸ்டேஷனா மேனுவல்ல ஓட்டணும்.

ஐஇசி 60204-1 (மெஷின்களோட மின் பாதுகாப்புத் தரம்) படியான சோதனை அறிக்கையும் கேளுங்க. எர்த் பாண்டிங் தொடர்ச்சி, 500 வோல்ட் டிசியில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ். இன்சுலேஷன் குறைஞ்சது 1 மெகா ஓம் இருக்கணும். அளந்த எண்ணை எழுதச் சொல்லுங்க. "ஓகே"ன்னு டிக் போட்ட தாளை வச்சு இன்னைக்கு என்ன இருந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு ஒப்பிட முடியாது.

டூல்ரூம்:

மெக்கானிக்கலில் முழு அசெம்ப்ளி டிராயிங்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் பில்டருக்கு இருக்கும், அதில் நியாயமும் உண்டு. தேயும் பாகங்களின் டிராயிங்கை மட்டும் விடாமல் வாங்குங்கள்: லொகேட்டிங் பின், ரெஸ்ட் பேட், கிளாம்ப் பேட், கைடு புஷ், புரோப் முனை. ஒவ்வொன்றிலும் மெட்டீரியல், கடினத்தன்மை, டாலரன்ஸ் மூன்றும் இருக்க வேண்டும். "லொகேட்டிங் பின், விட்டம் 10 ஜி6, ஓஹெச்என்எஸ், 58–60 ஹெச்ஆர்சி" என்று விட்டத்தின் டாலரன்ஸ், ஸ்டீல் வகை, கடினத்தன்மை மூன்றும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் செய்து வாங்கலாம்.

இது இல்லாத இடங்களில் தேய்ந்த பின்னைக் கழற்றி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதே அளவில் புதிய பின் போடுவார்கள். 0.05 மிமீ தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடும். அடுத்த முறை இன்னொரு 0.05. ஓட்டையின் இடம் மெல்ல நகரும், டேபிளில்தான் கோளாறு என்று நினைத்து டேபிளை அலைன் செய்வார்கள். ஏற்கெனவே சரியாக இருந்த டேபிளும் அதோடு கெடும்.

வாங்கும் பாகங்களின் பட்டியலில் முழு ஆர்டர் கோடு கேளுங்கள். "சிலிண்டர் – 4 எண்ணம்" என்று எழுதியிருந்தால் அது பட்டியலே அல்ல. போர், ஸ்ட்ரோக், குஷன், மேக்னெட் உண்டா, சீல் கிட் எண் என்ன என்பது வரை வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தத்துக்கு ஒரு எண்ணை மட்டும் எழுதாமல் எல்லையாக எழுதச் சொல்லுங்கள். மேல் எல்லையைத் தாண்டினால் மெல்லிய சுவர் உள்ள அலுமினிய ஹவுசிங் கிளாம்பில் நெளியும். மெஷினில் இருக்கும்போது அளவு சரியாக இருக்கும், கிளாம்பை விட்டதும் ஓட்டை வட்டம் மாறும்.

மெஷின் புதிதாக இருக்கும்போதே ஒரு அலைன்மென்ட் சார்ட் எடுத்துவிடுங்கள்: ஒவ்வொரு ஸ்பிண்டிலின் ரன்-அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்), ஸ்பிண்டிலுக்கும் ரெஸ்ட் பேடுக்கும் உள்ள செங்குத்து, டேபிளின் 6 இன்டெக்ஸ் நிலைகளிலும் திரும்ப வரும் துல்லியம். டயலை எங்கே வைத்து, எதைத் தொட்டு அளந்தது என்று படம் அவசியம். படம் இல்லையென்றால் அடுத்த ஆள் வேறு இடத்தில் டயல் வைப்பார், இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.

செட்டிங் ஷீட்டில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுவேன்: இந்த மதிப்பு ஏன். உதாரணத்துக்கு டேப்பிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்6×1க்கு 800 ஆர்பிஎம் என்றால் ஃபீட் 800 மிமீ/நிமிடம், பிட்ச்சால் (புரிக்குப் புரி 1 மிமீ) பெருக்கியது. கட்டிங் டேப்புக்கு முன் ஓட்டை 5.0 மிமீ. ஃபார்மிங் டேப் என்றால் சுமார் 5.5 மிமீ, ஏனென்றால் அது உலோகத்தை வெட்டாமல் தள்ளிப் புரி எழுப்புகிறது. "டிரில் 5.0" என்று மட்டும் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, சிப் வராது, ஆயுள் அதிகம் என்று ஒருவர் ஃபார்மிங் டேப்புக்கு மாறினால் டேப் உடையும், ஹவுசிங்கும் போகும். "5.0, கட்டிங் டேப்புக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் கை தானாக நிற்கும்.

தரம்_முதல்:

டூல்ரூம் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. 5.5 மிமீ ஓட்டையில் தவறுதலாகக் கட்டிங் டேப் போனால் எதுவும் உடையாது, மெஷினும் நிற்காது. எம்6×1, 6ஹெச் (டாலரன்ஸ் வகுப்பு) புரிக்கு உள்விட்டம் 4.917 முதல் 5.153 மிமீ வரை இருக்க வேண்டும். 5.5 இல் புரியின் உயரம் பாதிதான் நிற்கும். ஆனால் திரெட் பிளக் கேஜில் கோ உள்ளே போகும், நோ-கோ நிற்கும், ஏனென்றால் அந்தக் கேஜ் பார்ப்பது பிட்ச் விட்டத்தை (புரியின் நடு உயரத்தில் உள்ள விட்டம்). உள்விட்டத்துக்குத் தனியாக பிளெயின் பிளக் கேஜ் வேண்டும். அது கண்ட்ரோல் பிளானில் (எதை, எப்படி, எப்போது சோதிப்பது என்ற பட்டியல்) தனி வரியாக இல்லாவிட்டால் அந்தப் பாகம் வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைன் வரை போய், போல்ட் முறுக்கும்போது புரியோடு கழன்று வரும்.

பிபிஏபி விஷயத்துக்கு வருகிறேன். ஏஐஏஜி (வாகனத் துறை அமைப்பு) கையேட்டின் நான்காம் பதிப்பில் 18 அங்கங்கள். வாடிக்கையாளர் எதுவும் சொல்லாவிட்டால் லெவல் 3 (மாதிரிப் பாகமும் முழு ஆதார ஆவணங்களும் சமர்ப்பிப்பது). அவற்றில் உங்கள் மெஷினோடு நேராகப் பிணைந்தவை புராசஸ் ஃப்ளோ, பிஎஃப்எம்இஏ (எங்கெங்கே தவறு வரலாம் என்ற ஆய்வு, சுருக்கமாக எஃப்எம்இஏ), கண்ட்ரோல் பிளான், எம்எஸ்ஏ (அளக்கும் முறையின் ஆய்வு), தொடக்கப் புராசஸ் ஆய்வு. முதல் மூன்றிலும், ஆபரேட்டரின் ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனிலும் ஆபரேஷன் எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். டேப்பிங் ஃப்ளோவில் 40 என்றால் நான்கிலும் 40. ஆடிட்டர் எப்போதும் இந்தக் கண்ணியைத்தான் பிடித்து இழுப்பார்: எஃப்எம்இஏவில் "டேப் உடைந்து ஓட்டையில் தங்குதல்" என்று எழுதி, கண்டுபிடிக்கும் வழி "புரோப் ஸ்டேஷன்" என்று போட்டிருப்பீர்கள். கண்ட்ரோல் பிளானில் அந்தப் புரோப்பைச் சோதிக்கும் வரி இருக்காது. புரோப் வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பார்.

அதற்கு ஒரே பதில் நிராகரிப்பு மாஸ்டர். ஓட்டை போடாத ஹவுசிங் ஒன்று, உடைந்த டேப் உள்ளே இருக்கும் ஹவுசிங் ஒன்று, சிவப்பு பெயின்ட் அடித்து எண் போட்டு வையுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் இரண்டையும் ஓட்டி, மெஷின் இரண்டையும் தள்ளுகிறதா என்று பதிவு செய்ய வேண்டும். தள்ளாவிட்டால் கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பின் வந்த எல்லாப் பாகங்களையும் பிரித்து வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இதை கண்ட்ரோல் பிளானின் ரியாக்‌ஷன் பிளான் (தவறு வந்தால் செய்ய வேண்டியது) பத்தியில் இப்படியே எழுதுங்கள். "சூப்பர்வைசரிடம் தெரிவிக்கவும்" என்று விட்டால் அவர் வந்து என்ன செய்வார் என்பது யாருக்கும் தெரியாது.

பிபிஏபிக்கான ஓட்டம், வேறு எண்ணிக்கை ஒப்புக்கொள்ளாவிட்டால், 1 முதல் 8 மணி நேர உற்பத்தியில் குறைந்தது 300 தொடர் பாகங்கள். அந்த ஓட்டத்தின் செட்டிங் ஷீட்டை பாராமீட்டர், டூல் மேக், திருத்த எண்ணோடு கையெழுத்திட்டுப் பூட்டி வையுங்கள். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டது அந்தப் புராசஸைத்தான். பின்னால் யாராவது ஆர்பிஎம் மாற்றினால் அது சின்ன மாற்றமா, வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதா என்று முடிவு செய்ய ஒப்பிடும் தாள் அது ஒன்றுதான்.

எஃப்எம்இஏவை மெஷின் வந்தபின் எழுதாதீர்கள். டிசைன் ஒப்புதலுக்கு முன் பில்டரின் டிசைனரும் நீங்களும் ஒரு நாள் உட்காருங்கள். பாகத்தைத் திருப்பி லோடு செய்ய முடியுமா என்ற கேள்வி அப்போது வந்தால் பிக்ஸ்சரில் ஒரு ஃபூல்-ப்ரூஃப் பின் சேரும், செலவு ஒன்றுமில்லை. மெஷின் ஓடத் தொடங்கியபின் வந்தால் 6 பிக்ஸ்சரையும் கழற்ற வேண்டும்.

பம்ப்_ஹவுசிங்:

மிக்க நன்றி. பில்டரிடம் பேசினேன். டிராயிங், தேயும் பாகங்கள், சோதனை அறிக்கை எல்லாம் தருகிறேன் என்கிறார். பிஎல்சி புராஜெக்டை மட்டும் தர மாட்டாராம். டேப்பிங் சின்க்ரனைசேஷன் பிளாக் (சுழற்சியையும் ஃபீடையும் ஒத்துப்போகச் செய்யும் புரோகிராம் பகுதி) அவர்கள் சொந்தமாக எழுதியது, வெளியே விட முடியாது என்கிறார். ஆவணங்களுக்குத் தனி விலையும் கேட்கிறார். கொடுப்பது நியாயமா?

எஸ்பிஎம்_டிசைன்:

நான் பில்டர் தரப்பில் இருப்பவன். விலை கேட்பது நியாயம்தான், கொடுங்கள். விலை போடாத ஆவணத்துக்கு எங்கள் பக்கம் ஆள் ஒதுக்க மாட்டார்கள், டிசைனர் அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். பி.ஓ.வில் மெஷின் 1, ஸ்பேர் 1, ஆவணம் 1 என்று தனி வரியாகவும் தனித் தொகையாகவும் போட்டால் அது எங்கள் பிளானில் ஒரு வேலையாக ஏறும். கடைசி 10% ஐயும் இரண்டாகப் பிரியுங்கள்: 5% கமிஷனிங்குக்கு, 5% இறுதி ஆவணம் சோதித்து ஏற்றபின். முழு 10% ஐயும் ஆவணத்துக்காகப் பிடித்து வைத்தால் சண்டைதான் வரும்.

எல்லாவற்றையும் கடைசியில் கேட்காதீர்கள். டிசைன் ஒப்புதலின்போது லேஅவுட், பவுண்டேஷன் சுமை, நியூமேட்டிக்-ஹைட்ராலிக் சர்க்யூட், இன்புட்-அவுட்புட் பட்டியல், சீக்வென்ஸ் சார்ட், சைக்கிள் டைம் சார்ட் ஆகியவற்றை வாங்குங்கள். எங்கள் இடத்தில் ட்ரையல் எடுக்கும்போது முதல் திருத்த டிராயிங்குகள், பாகப் பட்டியல், புரோகிராம், அலைன்மென்ட் சார்ட். உங்கள் இடத்தில் கமிஷனிங் முடிந்து 15 நாளுக்குள் சிவப்புப் பேனா மாற்றங்கள் ஏறிய இறுதி செட்.

இவற்றில் சீக்வென்ஸ் சார்ட்டைத்தான் வாடிக்கையாளர்கள் கேட்பதே இல்லை, எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஸ்டெப் எண், அடுத்ததற்குப் போகும் நிபந்தனை, ஆன் ஆகும் அவுட்புட், டைம்-அவுட் நொடி, வரும் அலாரம் எண். ஸ்டெப் எண்ணை ஹெச்எம்ஐ திரையில் காட்டச் சொல்லுங்கள். மெஷின் "ஸ்டெப் 14" இல் நின்றால் மெயின்டனன்ஸ் ஆள் சார்ட்டைத் திறந்து, அது எந்த சென்சாருக்குக் காத்திருக்கிறது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். லேடரை (பிஎல்சி புரோகிராமை) திறக்க லேப்டாப்பே தேவைப்படாது. பாதி பிரேக்டவுனுக்கு உங்களுக்கு சோர்ஸ் கோட் வேண்டியிருப்பது இந்தச் சார்ட் இல்லாததால்தான்.

சோர்ஸ் விஷயத்தில் நடுவழி உண்டு. முழு புராஜெக்டும் திறந்தபடி உங்களுக்கு. டேப்பிங் பிளாக் ஒன்றுக்கு மட்டும் நோ-ஹவ் பாதுகாப்பு (பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே பார்க்க முடியாத பூட்டு). அந்தப் பிளாக்கின் இன்புட், அவுட்புட், எரர் கோடுகளை விளக்கும் தாளை பில்டர் தர வேண்டும். பாதுகாப்பு போட்ட பிளாக்கையும் வேறு சிபியுவில் ஏற்ற முடிகிறதா என்று ட்ரையலிலேயே பாருங்கள், சீரியல் எண்ணோடு கட்டிப்போடும் வசதியும் இருக்கிறது. பாஸ்வேர்டை சீல் வைத்த உறையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒருவரிடம் வைக்கலாம். பில்டர் தொழிலை மூடினாலோ, குறிப்பிட்ட நாளுக்குள் ஆள் அனுப்பாவிட்டாலோ திறக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். முழு புராஜெக்டையும் பூட்டுவதற்கு அந்த ஒரு பிளாக் காரணமாகாது.

உங்கள் பக்கம் தர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாகத்தின் மெஷினிங் டிராயிங், காஸ்டிங் டிராயிங் இரண்டும் திருத்த எண்ணோடு கையெழுத்தாகி வேண்டும். காஸ்டிங்கில் பார்ட்டிங் லைன் (அச்சின் இரு பாதியும் சேரும் கோடு), எஜெக்டர் பின் (பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் பின்) தடம் எங்கே வருகிறது என்று காட்டியிருக்க வேண்டும். ரெஸ்ட் பேட் அதன்மேல் விழுந்தால் பாகம் ஆடும். சைக்கிள் டைம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கையால் லோடு செய்யும் நேரம் அதில் உண்டா என்பதும் எழுத்தில் வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் முடிவுக்கு வராத மெஷின் கைமாற்றங்கள் ஏராளம்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

ஆபரேட்டர் தாளைப் பத்திக் கேட்டிருந்தீங்க. பில்டரோட மேனுவலை வச்சு நீங்களே எழுதுங்க. அவர் எழுதினா மெஷினைப் பத்தி எழுதுவார், ஆபரேட்டருக்கு வேண்டியது அவர் செய்யப்போற வேலை.

ஏ4 ஒரு பக்கம், லேமினேஷன், லோடிங் ஸ்டேஷன்ல கண் உயரத்துக்கு. நடுவுல ஒரு பெரிய போட்டோ, அதுல எண். ரெஸ்ட் பேடில் சிப் இருக்கா, ஏர் அடிச்சாச்சா, பாகம் பின்னில் முழுசா உட்கார்ந்துச்சா, கிளாம்ப் பிரஷர் கேஜ் பச்சைக்குள்ள இருக்கா. பின்பக்கம் அலாரம் எண், அர்த்தம், ஆபரேட்டர் செய்யலாமா இல்லை மெயின்டனன்ஸைக் கூப்பிடணுமா. தமிழ்ல ஒண்ணு, இந்தியில ஒண்ணு. கோவைப் பட்டறைகள்ல பீகார், ஒடிசாப் பசங்க எத்தனை பேர் மெஷின்ல நிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

தாளுக்குத் திருத்த எண்ணும் தேதியும் போடுங்க, புதுசு ஒட்டும்போது பழசைக் கையோட கழட்டி எடுத்துட்டுப் போங்க. இன்னைக்குப் பெரிய தொல்லை வாட்ஸ்ஆப். டிராயிங்கை யாரோ போட்டோ எடுத்து குரூப்புல போட்டிருப்பாங்க. டிராயிங் திருத்தம் மாறினாலும் போன்ல பழசு அப்படியே இருக்கும், செட்டர் அதைப் பார்த்துத்தான் ஆஃப்செட் போடுவார். மெஷின் பக்கத்துல க்யூஆர் கோடு ஒட்டி, ஸ்கேன் பண்ணினா எப்பவும் நடப்புத் திருத்தம் மட்டும் திறக்கிற மாதிரி வைங்க. போன் பார்க்கிற பழக்கத்தை நிறுத்த முடியாது, சரியான தாளைக் காட்டச் செய்யலாம்.

பம்ப்_ஹவுசிங்:

அருமை. சீல் வைத்த உறை யோசனைக்கு பில்டர் ஒப்புக்கொள்வார் என்று தோன்றுகிறது. கடைசியாக ஒன்று: புரோகிராம் பேக்கப்பை எங்கே வைப்பது? சிபியுவில் மெமரி கார்டு போட்டால் போதுமா?

மின்பலகை:

கார்டு போடுங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. சிபியு போச்சுன்னா அதே மாடல் சிபியுவில் கார்டை மாத்திப் போட்டா மெஷின் கிளம்பிடும், லேப்டாப் வேண்டாம், அதுதான் அதோட பலன். சீமென்ஸோட சொந்த கார்டுதான் எடுக்கும், கடையில விக்கிற கேமரா கார்டு எடுக்காது. விண்டோஸ்ல ஃபார்மேட் பண்ணிடாதீங்க, அதுக்கப்புறம் பிஎல்சி அந்தக் கார்டை ஏத்துக்காது. ஹெச்எம்ஐ, சர்வோ கோப்புகள் இதுல அடங்காது. அதனால முழு பேக்கப் சர்வர்ல ஒண்ணு, பிளான்ட்டுக்கு வெளியே ஒண்ணு. கோப்போட பேர்ல மெஷின் எண், தேதி, டிஐஏ வெர்ஷன் மூணும் வரணும். ஒவ்வொரு மாற்றத்துக்கப்புறமும், மாற்றம் இல்லைன்னாலும் 6 மாசத்துக்கு ஒரு தடவை ஆன்லைன் போய் பச்சையா இருக்கான்னு பார்த்துட்டு புது நகல் எடுங்க. எடுத்தவர் பேரும் தேதியும் மெயின்டனன்ஸ் லாக்ல ஏறணும்.